ஒரு மேஜைக்குக் கம்பெனி என்று பேர்

என் வாலுப்பெண்ணுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. அங்கே உன் சௌக்கியத்தை அம்மா வழியாகத்தான் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்று வாரமாக நீ போன் செய்து அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நானும் ரோஷக்காரன் மாதிரி பக்கத்து அறையில் பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். நேற்று அம்மா வந்து, "பேப்பர தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு என்ன படிக்கிறீங்க" என்று மானத்தை வாங்கிவிட்டாள். போனில் பேசினால் மறுபடியும் என் குரல் ஏறிவிடும், உன் குரல் அதற்கு மேலே ஏறும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொன்னதும், "ஒரு மேஜை, நீ ஒருத்தி, இதுக்குப் பேரு கம்பெனியா" என்று சிரித்தேன் அல்லவா, அந்தச் சிரிப்புக்காக இந்தக் கடிதம். உனக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு முப்பத்தெட்டு வருஷமாக ரப்பர் ஸ்டாம்பு செய்து ஊறிப்போனது. உனக்கு நினைவிருக்கும், கடைச் சுவரில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேனே, வருகிறவர்கள் தங்கள் பேருக்குப் பின்னால் என்ன வார்த்தை வேண்டும் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். கடை, ஸ்டோர்ஸ், டிரேடர்ஸ், ஏஜென்சி, வொர்க்ஸ், இன்டஸ்ட்ரீஸ், என்டர்பிரைசஸ், கம்பெனி. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அந்த அட்டைக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டுக் குடைவாய். வாங்கி விற்றால் டிரேடர்ஸ், அடுத்தவன் சரக்கை விற்றுக்கொடுத்தால் ஏஜென்சி, கையால் செய்தால் வொர்க்ஸ், மெஷின் செய்தால் இன்டஸ்ட்ரீஸ், ஆளும் மெஷினும் நிறைய இருந்தால் கம்பெனி, என்ன செய்யப் போகிறோம் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் என்டர்பிரைசஸ் என்று நான் சொல்லச் சொல்ல, அச்சு எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டே தலையாட்டுவாய். ஸ்டாம்புக்கு எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரி திரும்பித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து நீ 'க'வைத் திருப்பிப் போட்டு எழுதியதற்காக உன் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியதும், அம்மா என்னைத் திட்டியதும், அந்தச் சூடான ரப்பர் வாசனை உன் தலைமுடியில் ராத்திரி வரைக்கும் இருந்ததும் இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. அதைவிட நல்ல காலம் எனக்கு வாய்க்கவில்லை.

யாராவது வந்து பிஸினஸ் பண்ணுகிறேன் என்றால் அதெல்லாம் பதில் ஆகாது, என்ன பிஸினஸ், எத்தனை ஆள், எத்தனை மெஷின் என்று கேட்டு, அதற்குத் தகுந்த வார்த்தையைத்தான் போட்டுக் கொடுப்பேன். அளவுக்கு மீறிக் கேட்பவர்களைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பது கடைக்காரரா, நீதிபதியா என்று அம்மா கேட்பாள். எனக்கு அதில் ஒரு கர்வம், என் கையால் பொய் அச்சாகாது என்று.

போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாள் வந்தார்கள், தலை முழுக்க நரை. என்னைத் தெரிகிறதா என்று கேட்டார்கள், தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு வந்து கம்பெனி என்று போடச் சொன்னவர்களாம். ஒரு மெஷினுக்குக் கம்பெனி கிடையாது என்று சொல்லி நான் தையல் கடை என்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த ஸ்டாம்பைக் குத்தி ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைத்துத் தருகிறேன் என்று எழுதிப் போட்டார்களாம். கடைக்கெல்லாம் ஆர்டர் கொடுப்பதில்லை, கம்பெனிக்குத்தான் கொடுப்போம் என்று பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டார்களாம். அதே ஆர்டர் கிடைக்க ஆறு வருஷம் ஆயிற்றாம். இப்போது இருபத்திரண்டு மெஷின் ஓடுகிறது. அப்போதே வேறு ஆளிடம் போயிருக்கலாமே அம்மா என்று கேட்டேன். "நீங்க அவ்வளவு நிச்சயமாச் சொன்னதும், நமக்கு அவ்வளவுதான் போலன்னு நெனச்சுட்டேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போகும்போது, "நான் என்ன ஆகப் போறேன்னு சொன்னேன், நீங்க எத்தனை மெஷினு கேட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு அதற்கப்புறம் எனக்குக் கை ஓடவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, என் மகள் என்னதான் செய்யப் போகிறாள் என்று அம்மாவிடம் கேட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள், ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு நடை சாயாதபடி அளவெடுத்துச் செருப்பு செய்யப் போகிறாயாம், வேலையில் இருந்தபோதே லீவு நாட்களில் பதினோரு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாயாம். பதினோரு பேர் நேராக நடக்கிறார்கள், பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது பாப்பா.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல பிள்ளையாகிவிடுவேன், ஆனால் முழுசும் சொல்லவில்லை. மேஜை ஒன்றுதான் என்பதற்காக நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயம். வேலை என்றால் ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நீ இங்கே வந்துவிடுவாய் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், உன் அறையில் யாரையும் பழைய சாமான் போட விடுவதில்லை. சொந்தக் கம்பெனி என்றால் வேர் பிடித்துவிடும். எனக்குத் தெரியும். என் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று ஆள் வந்து சொன்னபோது, கையில் இருக்கிற ரெண்டு ஆர்டரை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் படுத்திருந்த கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். இதை அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நாளைக்கு நீயும் ரெண்டு ஜோடி செருப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுவாயோ என்று பயந்துதான் அப்படிச் சிரித்துத் தொலைத்தேன்.

அதற்காக நீ ஆரம்பிக்காமல் இருக்காதே. கம்பெனி என்றே போடு, பெரிய எழுத்தில் போடு, எத்தனை மேஜை என்று எவன் கேட்டாலும் என்னிடம் அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு, தோல் அறுக்கிற கத்தியை மடியில் வைத்துக்கொண்டு பேசாதே, அம்மா உன் பழைய கம்பளி போர்வையை அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாள். தொட்டதெல்லாம் துலங்கி, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் உனக்கு லீவு கொடுக்க அங்கே மேலதிகாரி யாரும் கிடையாது, நீயேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கூப்பிடும் நாளில், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வா.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அப்பா