எங்கள் தெருவுக்கு அளவு இல்லை

நவம்பர் 10, திங்கள்

கோடுகள் வந்துவிட்டன. ஒருவழியாக.

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, பெருமழை பெய்தால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஆழமுள்ள இடங்களை இணைத்து வெப் மேப்பில் கோடு இழுப்பது என் வேலை. அரை அடிக்கு ஒன்று, ஓர் அடிக்கு ஒன்று, இரண்டு அடிக்கு ஒன்று. பெரிதாக்கினால் கள்ளிக்குப்பத்துச் சந்துகூடத் தெரிகிறது. டீம் லீட் அபிஷேக் 'சூப்பர்' என்றார். ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை வருகிற சொல் அது.

சோதனை லிங்க்கை எங்கள் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் போட்டேன். பெருமைதான், வேறென்ன.

நவம்பர் 11, செவ்வாய்

தரைத்தளத்து பால்ராஜ் அண்ணன் காலையில் படியிலேயே மடக்கினார். தையல்கடை வைத்திருக்கிறார். ஆவணியில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கினார். ஆறு பேர் பிடித்தால்தான் அசையும். மழைக்கு முன்னால் அதை மாடியில் காலியாக இருக்கிற வீட்டுக்கு ஏற்ற ஆள் சொல்லியிருந்தாராம்.

"நம்ம தெருவுக்கு இன்னாமா போட்டுகீது?"

போனில் காட்டினேன். எல்லாக் கோடும் எங்கள் தெருவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது.

"கோட்டுக்கு வெளியதான் இருக்கோம்ணே. பயமில்ல."

அங்கேயே நின்று போன் போட்டு ஆட்களை வேண்டாமென்று சொல்லிவிட்டார். படித்த பொண்ணு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனைவி சுசீலா அக்காவிடம் அவர் சொன்னதும் காதில் விழுந்தது. உச்சி குளிர்ந்துதான் ஆபீஸ் போனேன்.

நவம்பர் 12

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இது நல்லதுக்கில்லை.

நவம்பர் 13, வியாழன்

அந்தக் கோடுகள் ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன?

எங்கள் தெருமுனையில், தொழிற்சாலைச் சுவரோரம், மூன்று கோடும் நெருக்கியடித்து நிற்கின்றன. கோடு நெருங்கினால் அங்கே சரேலென்று மேடு என்று அர்த்தம். அங்கே என்ன மலையா இருக்கிறது? தினமும் ஸ்கூட்டியில் போகிற இடம், தோசைக்கல் மாதிரி தட்டையான ரோடு. போதாததற்குக் கோடுகள் மூலைமட்டம் வைத்தாற்போல் திரும்புகின்றன. தண்ணீர் எங்காவது அப்படித் திரும்புமா?

மூல எண்களைத் திறந்தேன். அந்தக் கட்டங்களில் எண்ணே இல்லை. சுவருக்குள் அளவெடுக்க அனுமதி கிடைக்கவில்லையாம். சுவருக்குள் பாதி, எங்கள் தெருவில் பாதி என்று விழுந்த கட்டங்களையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். எண் இல்லாத இடம் வந்தால் மேப் நின்றுபோகிறதே என்று போன மாதம் நான் ஒரு வரி எழுதினேன் — எண் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்.

பூஜ்யம் என்றால் தண்ணீர் இல்லை. 'தெரியாது' என்பதை 'இல்லை' என்று வரைந்து, ஒரு மனுஷனிடம் காட்டி, பயமில்லை என்று வேறு... ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

அபிஷேக்கிடம் சொன்னேன். பக்கத்துக் கட்டங்களின் சராசரியைப் போட்டு நிரப்பிக் கோட்டை வழவழப்பாக்கு என்றார். அதுவும் கற்பனைதானே? சாம்பல் நிறம் போட்டு 'அளவு இல்லை' என்று எழுதுவோம் என்றேன். மேப்பில் ஓட்டை வைத்து யாராவது கொடுப்பார்களா, திங்களன்று வெளியீடு, அதுவரை தொடாதே, தொட்டால் உன் தலையில்தான் விடியும் என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

தொட்டுவிட்டேன். சாம்பல் ஏறிவிட்டது. அபிஷேக் போனில் கத்தினார். விடியட்டும்.

சாயங்காலம் பால்ராஜ் அண்ணனிடம் போனேன். எப்படி ஆரம்பித்தேன், என்ன சொன்னேன், நினைவில்லை. அவர் தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"இப்போ தண்ணி வருமா, வராதா? அத்தச் சொல்லு."

"தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்குமா மேப்பு?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அமைதியாகக் கேட்டார். சுசீலா அக்கா அந்த ஆட்களுக்குப் போன் போட்டார். குமணன்சாவடியில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், புதன்கிழமைக்கு முன்னால் வர முடியாதாம்.

நவம்பர் 15, சனி

கார் ஜாக்கி வைத்து மெஷினைத் தூக்கினோம். நான், அக்கா, எதிர்வீட்டு அருள். காலுக்கு ஒரு ஹாலோபிளாக். அதற்குமேல் அடுக்கினால் ஆடுகிறது. அண்ணன் எல்லாம் செய்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.

நவம்பர் 16

மழை. கரண்ட் இல்லை.

நவம்பர் 17

இன்றுதான் வெளியீடாம். கேட்க நாதியில்லை. ஆபீஸே லீவு.

தண்ணீர் அண்ணன் கடை ஷட்டருக்கு அடியில் போய் வந்துகொண்டிருக்கிறது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நின்னு தொலையேன் சனியனே.

நவம்பர் 20, வியாழன்

வடிந்துவிட்டது. மெஷினின் மேல்பாகம் தப்பியது. அடியில் இருந்த மோட்டார் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மெக்கானிக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார், பார்க்கலாம் என்கிறார். ஹாலோபிளாக் கொஞ்சமாவது காப்பாற்றியது என்று அக்கா சொன்னார். எனக்காகச் சொன்னதுதான். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மாடியில் இருந்திருக்கும்.

நவம்பர் 24

மேப் வெளியாகிவிட்டது, சாம்பலோடு. க்ளையண்ட் ஒன்றும் கேட்கவில்லையாம். அபிஷேக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

கதவு தட்டும் சத்தம். பால்ராஜ் அண்ணன், கழுத்தில் இஞ்ச் டேப்போடு. வா என்று கீழே கூட்டிப்போனார்.

கடைச் சுவரில் சேறு படிந்த விளிம்பு மேலேயே துணியில் குறி போடும் சாக்பீஸால் ஒரு நீலக்கோடு. எதிர்வீட்டுச் சுவரில் ஒன்று. தெருக்கோடி வீடு வரைக்கும் இழுத்து வைத்திருந்தார்.

"நம்ம கடையில பதினஞ்சு இஞ்சு. கோடி ஊட்ல பதினெட்டு. எழுதிக்கோ. அட்த்த தபா எவனாச்சும் கேட்டா, தெரியாதுன்னு சொல்லாத."

மெஷின் என்னாயிற்று என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார். டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். மற்ற வீடுகளையும் சேர்ந்தே அளந்தோம்.

இந்த மழையில் நின்ற தண்ணீர் என்று குறிப்புப் போட்டு எண்களை ஏற்றினேன். ஓர் அடிக் கோடு சுவரோரத்தை விட்டு விலகி எங்கள் தெருவுக்குள் வந்தது. அவர் கடையை உள்ளே வைத்து வளைந்தது. போனில் காட்டினேன். கோட்டுக்குள் இருந்த தன் கடைமீது விரலை வைத்துப் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் சாம்பல்தான். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.