தாழ்த்திய சீட்

சனிக்கிழமை, ராத்திரி

இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரிக்குப் போனப்புறம், துணிஞ்சு மோட்டார் சைக்கிளோட சீட்டை வெட்டித் தாழ்த்திட்டேன். பக்கத்து லயத்து வீட்டு நிமல் வெல்டிங் வச்சுக் குடுத்தாரு.

பழைய இரும்புன்னு வாங்கி, ஒரு வருஷமா நாங்க ரெண்டு பேரும் கழட்டி மாட்டின வண்டி. ஆனா ஏறி உக்காந்தா எனக்குக் கால் தரைக்கு எட்டல. "வெட்டினா அதோட அழகே போயிரும்டி"ன்னு அவரு விடவே இல்ல.

சாயங்காலம் வந்தவரு வண்டியை ரெண்டு சுத்து சுத்தினாரு, வெல்டிங் வச்ச இடத்தைத் தடவிப் பாத்தாரு. அப்புறம் ஏறி உக்காந்தாரு. முழங்கால் ரெண்டும் ஹேண்டிலுக்கு மேல, வெட்டுக்கிளி மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

"சிரிக்காத. நீயே ஓட்டு"ன்னு பின்னால நகந்துக்கிட்டாரு.

கோயில் முடக்கு வளைவு வரைக்கும் ஓட்டினேன். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுட்டு வந்த பொம்பளைங்க நின்னு பாத்தாங்க. "அண்ணே, யாரு வண்டிங்க?"ன்னு ஒருத்தி கத்தினா.

அவரு என் இடுப்பைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே சொன்னாரு: "வீட்டுக்காரம்மா வண்டி. நான் சும்மா கூட வர்றேன்."

அவருக்குக் கோவம் போயிருச்சான்னு இன்னும் கேக்கல.