புள்ளி விழுந்த இலைகளை வியாழனன்று எரிக்காதிருக்க

அனுப்புநர்
த. பெர்சிஸ்,
ஆய்வக உதவியாளர், தாவரவியல் துறை,
ராயபுரம், சென்னை-13.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வித் துறை, சென்னை.

பொருள்: எங்கள் கல்லூரியின் பழைய நோய் இலை மாதிரிகளை 18.09.2025 காலை எரிக்க இருப்பது – உடனே தடுக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இருபத்திரண்டு வருடமாக இத்துறையில் வேலை பார்க்கிறேன். இதுவரை யார் மீதும் மனு எழுதியதில்லை. இதில் முதல் தவறு என்னுடையது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

1. எங்கள் துறை பீரோ ஒன்றில் 312 காகித உறைகள் இருந்தன. எல்லாவற்றிலும் கரும்புள்ளியோ பழுப்புப் புள்ளியோ விழுந்த காய்ந்த இலைகள். 1936 முதல் 1961 வரை எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர் பக்கம் எங்கள் பழைய பேராசிரியர்கள் பறித்து, செடியின் பெயர், ஊர், தேதி எழுதி வைத்தவை. புள்ளிகள் பூஞ்சை நோயால் வந்தவை. அந்தப் புள்ளிக்காகத்தான் இலையையே சேர்த்தார்கள்.

2. உறைமேல் இருக்கும் லத்தீன் பெயர்களைப் படிக்க மாணவிகள் திணறியதால், 2011-இல் பீரோ கதவில் சிவப்பு மையில் 'நோய் இலைகள்' என்று நானே எழுதி ஒட்டினேன். சென்ற 8-ஆம் தேதி, தர ஆய்வுக் குழு வருகிறது என்று துப்புரவு நடந்தது. மேற்பார்வையாளர் திரு. டில்லிபாபு அந்த எழுத்தைப் படித்துவிட்டார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவதற்கு மன்னிக்கவும்: "இன்னாக்கா, நோவு புட்ச்ச எலைய பீரோல வெச்சிகினு கீறீங்க? புள்ளைங்க பொழங்குற எடம். கொளுத்துங்க மொதல்ல." அவரைக் குறை சொல்ல மாட்டேன், கொரோனாவில் தம்பியைப் பறிகொடுத்தவர். படித்தவர்கள் இருக்கும் நிர்வாகமும் அதையே பிடித்துக்கொண்டு எரிக்க நாள் குறித்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

3. அன்று மதியமே 46 உறைகளைக் கோணியில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தகவல் தெரிந்து ஆட்டோ பிடித்துக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வரை ஓடினேன். மீன் கழிவுக்கு நடுவே 19 உறைகள் கிடைத்தன. செய்தித்தாள் விரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தியிருக்கிறேன். மீதி 27 போனது போனதுதான். அதற்கு நான் எழுதி ஒட்டிய அந்தச் சிவப்பு எழுத்தும் ஒரு காரணம்.

4. அவசரத்தின் காரணம் இது. எண்ணூர் குப்பம் ஒன்றில் கீரை பயிரிடும் திருமதி அங்கம்மா, இரண்டு வருடமாகத் தன் கீரையில் புள்ளி விழுவதாகவும், பக்கத்து ஆலைப் புகையே காரணம் என்றும் புகார் கொடுத்துள்ளார். அது இந்த வட்டாரத்தில் காலங்காலமாக உள்ள பூஞ்சை நோய் என்று ஆலைத் தரப்பு பதில் சொல்லியிருக்கிறது. விசாரணை 24-ஆம் தேதி. பூஞ்சைப் புள்ளியில் அதன் வித்துகள் எண்பது வருடம் கழித்தும் நுண்ணோக்கியில் தெரியும், புகையில் கருகிய இலையில் அவை இருக்காது என்கிறார் எங்கள் பேராசிரியை திருமதி மகிழினி. இந்த ஊரின் பழைய இலையைப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று உறைகளைக் கேட்டிருக்கிறார். அங்கம்மா சொல்வது சரியா, ஆலை சொல்வது சரியா என்று எனக்குத் தெரியாது. பீரோவை எரித்துவிட்டால் யாருக்குமே தெரியாது.

கல்லூரி முதல்வருக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக் குழு வந்து போகட்டும், பிறகு பேசலாம் என்றார்கள். குழு வருவது 19-ஆம் தேதி. எரிப்பது 18-ஆம் தேதி. பிறகு எதைப் பேசுவது, ஐயா?

பீரோவைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். கேட்டும் கொடுக்கவில்லை. இது ஒழுங்கு மீறல் என்று தெரிந்தேதான் செய்கிறேன். வியாழன் காலை பத்து மணிக்குப் பூட்டை உடைக்க ஆள் வருகிறது. ஒன்பது மணிக்கே பீரோ முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். எரிக்கக் கூடாது என்று தாங்கள் ஒரு வரி அனுப்பினால், அந்த நிமிடமே சாவியைப் பேராசிரியையிடம் ஒப்படைக்கிறேன். அனுப்ப இயலாதெனில், என் பணி இடைநீக்க உத்தரவை அந்த நாற்காலிக்கே அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்வேன்.

இடம்: ராயபுரம்
நாள்: 16.09.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) த. பெர்சிஸ்