வளையம் இல்லாத லென்ஸ்

சின்ன காஞ்சிபுரம்,
28.6.2003

அன்புள்ள ராமானுஜுக்கு,

பஞ்சாட்சரம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கை ஸுஷ்மா மாப்பிள்ளையோடு பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் எடுத்த படம் ஒன்றுகூட விழவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

லேபிலிருந்து பிலிமை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எல்லா ரோலும் வெறுமையாக இருந்தன. பிரிண்ட் போட்டால் ஒரே இருட்டு. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து இந்தத் தொழில்தான் செய்கிறேன், இப்படி ஒரு நாளும் நடந்ததில்லையடா. இன்னும் நம்ப முடியவில்லை.

உனக்கு லீவு கிடைக்காமல், கல்யாணத்தைப் படத்திலாவது நன்றாகப் பார்க்க வேண்டுமென்று கொடுத்தனுப்பினாயே அந்த லென்ஸ், அது முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலைதான் கைக்கு வந்தது. என் பழைய கேமராவில் கச்சிதமாகப் பொருந்தியது. கம்பெனியும் அதேதான், மவுண்டும் அதேதான். வெளிச்சம் போகிற துளையைக் கூட்டிக் குறைத்து அப்பர்ச்சர் வைக்கிற வளையம் மட்டும் இல்லை. புது மாடல், தானாகவே வைத்துக்கொள்ளும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கண்ணை வைத்துப் பார்த்தால் பளிச்சென்றிருந்தது. ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்க நேரமில்லை.

சென்னையில் போய் விசாரித்தேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். புது கேமராவாக இருந்தால் அதுவே அப்பர்ச்சரை வைத்துவிடுமாம். பழையதில் மாட்டினால், பார்க்கும்போது முழுதாகத் திறந்திருந்துவிட்டு, அழுத்துகிற நேரத்தில் ஊசித்துளை அளவுக்கு மூடிக்கொள்ளுமாம். "மாட்டிக்கினா போதுமாபா, ஒத்துப்போக வேணாமா?" என்று கேட்டார். 

வீடியோ விளக்கின் சூடு ஆகாதென்று வீடியோவை உன் அப்பா வேண்டாமென்றுவிட்டார். அதனால் வேறு கதியும் இல்லை.

பொரியிடும்போது அண்ணன் நிற்க வேண்டிய உன் இடத்தில் பெரியப்பா பையன் ப்ரணவ் நின்றான். ஸுஷ்மா பொரியைக் கையில் வாங்கியவள் அவனைப் பார்க்கவில்லை, என் கேமராவைத்தான் பார்த்தாள். "பஞ்சண்ணா, நன்னா எடுங்கோ, அண்ணா பார்ப்பான்" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். லென்ஸ் வழியாக நான் அதைப் பார்த்தேன். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். ரமாமணி மாமி திட்டவில்லை. "அவன் வந்திருந்தா இந்த லென்ஸே வேண்டியிருக்காதேடா" என்றார். காபி கலந்து கொடுத்து அனுப்பினார்.

வருகிற தையில் உன் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. அந்த லென்ஸுக்கு ஏற்ற கேமரா வாங்கி அனுப்புகிறேன் என்று மட்டும் பதில் எழுதிவிடாதே.

நம் கோயில் வரதன் உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
பஞ்சு