குருவிப் பாட்டில் உன் பெயர்

விஜயநகர், மைசூர்

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அந்தக் குளிரில் நீ சளி பிடிக்காமல் சௌக்கியமாக இருக்க மாதேஸ்வரசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். மாதேவி அக்கா மகன் டப்ளினுக்குத் திரும்புகிறான், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ முகத்தைப் பார்த்ததும் "அழறியாம்மா" என்று கேட்டுவிடுவாய், பிறகு சொல்ல வந்ததை விட்டு வேறு எதையாவது பேசிவிடுவேன். மார்டள்ளியில் மாமாவுக்கு மக்காச்சோளம் நல்ல விளைச்சல், காட்டுப்பன்றி தின்றது போக மீதி வீடு வந்துவிட்டதாம். அப்பாவுக்கு முட்டிவலி, நடக்கச் சொன்னால் பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

என் எல்கேஜி வகுப்புச் சங்கதியைத்தான் சொல்ல வந்தேன். ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்து ஒரே அழுகை, ரைம்ஸ் புத்தகத்தைத் திறந்தால் ஒன்று வாசலுக்கு ஓடுகிறது, இன்னொன்று என் முந்தானையில் மூக்கைத் துடைக்கிறது. அதனால் நானே கன்னடத்தில் ஒரு பாட்டுக் கட்டினேன். குருவியே குருவியே கூட்டுக்கு வா என்று வட்டமாக நின்று பாட வேண்டும், நான் யார் பெயரைச் சொல்கிறேனோ அந்தப் பிள்ளை கையைச் சிறகாக அடித்துக்கொண்டு நடுவில் குதிக்க வேண்டும். அழுகை நின்றுவிட்டது. ஒருநாள் எல்லாப் பெயரும் முடிந்த பிறகும் வாய் நிற்காமல் தாரணி என்று சொல்லிவிட்டேன். யாரும் குதிக்கவில்லை. மனிஷா என்று ஒரு வாண்டு இருக்கிறாள், சுற்றிலும் தேடிவிட்டு "தாரணி எல்லி மிஸ்?" என்று கேட்டாள், எங்கே என்று. "பர்த்தாளெ புட்டி" என்றேன், வருவாள் குட்டி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல. அதோடு போயிற்றா, மறுநாளிலிருந்து உன்னைக் கூப்பிடாமல் பாட்டை முடிக்க விடுவதில்லை. அவர்களுக்கு நீயும் அவர்கள் வயதுப் பிள்ளைதான், காய்ச்சலில் படுத்திருக்கிறாயாம். வட்டத்தில் மனிஷா பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறது, வேறு யாராவது நின்றால் பிடித்துத் தள்ளுகிறாள். பிறந்தநாள் சாக்லேட்டில் உனக்கென்று ஒன்று எடுத்து வைத்து, பள்ளி விடுவதற்குள் அவளே தின்றும்விடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ தீபாவளிக்கும் லீவு கிடைக்கவில்லை என்றாய். பரவாயில்லடி, வேலைதான் முக்கியம் என்று நானும் பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டேன். அது பொய், தாரணி. நீ போய் இது மூன்றாவது தீபாவளி, உன்னைப் பார்க்காமல் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. திங்கட்கிழமை உன் பெயரை விட்டுவிடலாம் என்று நினைத்து, கடைசிப் பிள்ளையோடு கைதட்டிப் பாட்டை முடித்தேன். ஒருத்தரும் உட்காரவில்லை. "தாரணின கரீரி மிஸ்" என்று மனிஷா அதட்டினாள், கூப்பிடு என்றால் கூப்பிடத்தானே வேண்டும், கூப்பிட்டேன். பிள்ளைகள் எல்லாம் கதவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே, பொடி போட்டு ஒரு வாய் சோறு தின். நோய்நொடி அண்டாமல் நீ நிறைவாக வாழ வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே, எப்போது வந்தாலும் முதலில் வீட்டுக்குப் போகாதே, பெட்டியோடு நேராக என் வகுப்புக்கு வா. காலையில் முதல் மணி அடித்ததும் பாட்டுத்தான். கடைசிப் பெயர் உன்னுடையது, கூப்பிட்டதும் குதித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜோதிமணி