பதினேழாம் எண்ணிலிருந்து ஒரு கோடு

நாள் 12, 09:10
நிலவு, ஆறாம் சுரங்கக் குடியிருப்பு. எழுதுவது செண்பகவல்லி, சமூக வலைப்பின்னல் ஆய்வாளர். இங்கே தாளம் தட்டத் தடை. அதிர்வு பட்டால் நிலநடுக்கக் கருவி பொய்யாக அலறுமாம். ஆனாலும் காலி ஆக்சிஜன் சிலிண்டரைக் கவிழ்த்துப் போட்டு ஒளிவுமறைவாகக் கச்சேரி நடக்கிறது. யாரை யார் அழைத்தார்கள் என்று விசாரித்து வரைபடம் போட்டேன். ஆளுக்கு ஓர் எண், ஷிப்டுக்கு ஒரு நிறம், அழைப்புக்கு ஒரு கோடு. மொத்தம் 63 பேர். பெயர் எதுவும் இல்லை. நிர்வாகம் கேட்டது, அனுப்பிவிட்டேன்.

நாள் 15, 14:30
17ஆம் எண்ணைப் பிடித்துவிட்டார்கள். பெயரை மறைத்த நான் வடிவத்தை மறைக்கவில்லை. மூன்று ஷிப்டுகளோடும் கோடு உள்ளது 17 மட்டும். மூன்று ஷிப்டிலும் புழங்குகிறவன் காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் ஜெபின் மட்டும். சின்னப் பிள்ளைகூடப் போடும் கணக்கு, இத்தனை படித்த எனக்குத் தோன்றவில்லை. தண்டனையாக அவனுக்கு வெளிப்புற வேலை.

நாள் 19, 11:05
வெளியே ஜெபினின் விண்வெளி உடை கிழிந்தது. இறந்துவிட்டான். இதைக் கண்டெடுப்பவர் கவனிக்க: நான்தான் கொன்றேன். வேறு எப்படி எழுதினாலும் பொய்.

நாள் 40, 10:20
கச்சேரி நிற்கவில்லை. நிர்வாகத்துக்குப் புது வரைபடம் வேண்டுமாம். மூன்று ஷிப்டிலும் போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். மிச்சமுள்ள 62 பேரிடமும் ஒரே பதில். துளைப்பான் ஓட்டும் முத்துப்பேச்சி சொன்னது பதிவில் இருக்கிறது: "ஜெபின்தாம் கூப்புட்டான். நேத்தும் வந்து சொல்லிட்டுப் போனாம்லா. ஏங்க்கா, ஒங்களக் கூப்புடலியாக்கும்?"
பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள். செத்தவனை யாரும் பிடிக்க முடியாதே. அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாள் 41, 08:45
நிர்வாகம்: "இறந்தவர் பெயர் வேண்டாம். நடுவில் இருப்பது யார்? பன்னிரண்டு மணிக்குள் தெரிவிக்கவும். தவறினால் முத்துப்பேச்சியை வெளியே அனுப்புவோம்."

நாள் 41, 11:40
17ஐ அழித்தேன். 64 என்று ஒன்றைச் சேர்த்து, 62 கோடுகளையும் அதற்குத் திருப்பினேன். இப்போது மூன்று ஷிப்டிலும் புழங்குகிறவள் நான்தான். கேள்வி கேட்கப் போன சாக்கில் அழைத்தேன் என்று எழுதி அனுப்பியாயிற்று. பயமாக இருக்கிறது.

நாள் 41, 11:58
நிர்வாகம்: "64 நீங்கள்தான் என்று தெரிகிறது. வெளிப்புற வேலைக்கு வரவும். ஒரு சந்தேகம். வரைபடத்தில் 63 கோடுகள் இருக்கின்றன. உங்களை அழைத்தது யார்?"
திறந்து பார்த்தேன். 17 மறுபடி இருக்கிறது. அதிலிருந்து ஒரே கோடு, என்னிடம் வருகிறது. அதை நான் போடவில்லை.

நாள் 41, 12:20
வெளிக்கதவு அறையில் உடை மாட்டிக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் காற்றும் இல்லை, ஆளும் இல்லை. அங்கிருந்து தட்டுகிறான். தாளம் பிசகவே இல்லை. திறக்கிறே