ரிவர்ஸ் அக்கா ஆன கதை

பிப்ரவரி 9

இன்றும் பேசவில்லை. இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து ரிவர்ஸ் (நான் அவளைக் கூப்பிடும் பேர்) முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். தப்பு என்னுடையதுதான். சேர்த்துக்கொள்ளும்போது மேனேஜர், "ரெண்டு பேரும் என்ன உறவும்மா?" என்று கேட்டார். வாய் முந்திக்கொண்டது. அவளைக் காட்டி, "எங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

என்னைவிட இரண்டு வயது சின்னவள்!

"தங்கச்சின்னு சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?" என்று கேட்டாள். அதோடு சரி.

பிப்ரவரி 11

பேசிவிட்டாள். "அந்த ஜன்னலச் சாத்து."

பிப்ரவரி 20

மத்தியானம் எல்லாரும் தூங்குகிறார்கள். எழுதலாம்.

நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இருந்தவள். பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன உத்தியோகம். இன்னும் யாராவது வீல்சேரை வேகமாகத் தள்ளினால் என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடுகிறது. இவள் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தாள். நாலு டெஸ்டிலும் ரிவர்ஸ் எடுக்கும்போது கோட்டை விட்டாள். அந்தப் பேர் அப்படி ஒட்டிக்கொண்டது. அஞ்சாவது டெஸ்டில் பாஸானபோது நாங்கள் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அன்றைக்கு ஆரம்பித்த குடும்பம். இன்றைக்கும் அவளுக்கு ரிவர்ஸ் வராது.

சாப்பாட்டு அறையில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். மணியடித்தால்தான் சாப்பிடுவார். ஃபேனுக்கு நேர் கீழே அவர் நாற்காலி. வந்த அன்றே எழுந்து, "பெரியவங்க நீங்க, இங்க உக்காருங்க" என்று ரிவர்ஸுக்கு விட்டுக்கொடுத்தார்.

ரிவர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் உட்கார்ந்துவிட்டாள். காற்று நன்றாக வருகிறதாம்.

மார்ச் 16

தலையில் இடி. மேனேஜர் போர்டில் ஒட்டியிருக்கிறார்: "கலந்து பழகுவோம் திட்டம்." ஏப்ரல் பாதியிலிருந்து எல்லாருக்கும் அறைத்துணை மாறும். கணவன் மனைவிக்கு மட்டும் விலக்கு.

"அக்கா தங்கச்சி எப்பவும் ஒட்டிக்கிட்டே இருந்தா மத்தவங்களோட எப்படிப் பழகுவீங்க?" என்று சிரிக்கிறார் மகராசன். என்னை மேல்மாடிக்கு அனுப்புகிறாராம். இவளைக் கீழே.

மார்ச் 17

சொல்லிவிட வேண்டியதுதானே? நாங்க அக்கா தங்கச்சி இல்லன்னு ஒரு வார்த்தை.

சொல்ல முடியலையே. ஒரு தடவை உண்மை தெரிஞ்சு, வீட்டு ஓனர் எங்க கட்டில் பீரோவை எல்லாம் தெருவுல எறக்கி வெச்சான். மழை வேற. அப்போ வயசு இருந்துச்சு, வேற வீடு பார்த்தோம். இந்த வயசுல எங்க போறது? கட்டில யாரு தூக்குறது?

இவள் பக்கத்தில் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஏப்ரல் 2

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதியோர் உரிமை அமைப்பிலிருந்து ஒரு பெண் பேச வந்தாள். திருநங்கைகள், ஒரே பாலினத்தில் துணை தேடிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் வயதாகுமாம், அவர்களும் இந்த மாதிரி இல்லங்களில் பொய் சொல்லாமல் வாழ வேண்டுமாம். எனக்குக் காது சூடாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு தாத்தா, "டீ எப்ப வரும்?" என்றார்.

மேனேஜர் எழுந்தார். "ரொம்ப நல்ல விஷயம்மா. ஆனா நம்ம இல்லத்துல அப்படி யாரும் கிடையாது. எல்லாம் குடும்பப் பாங்கானவங்க. இதோ, இந்த அக்கா தங்கச்சியவே பாருங்களேன்!"

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். இதுதான் சமயம், சொல்லுடி என்றது மனசு. வாயே வரவில்லை. ஊரையே அதட்டினவளுக்கு!

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். "அக்காவுக்கு வயசாயிடுச்சு, படி ஏற முடியாது. அதான் கீழ ரூம் போட்டிருக்கேன்" என்றார்.

ரிவர்ஸ் எழுந்தாள்.

"யாருக்கு வயசாச்சு? நான் இவளுக்கு அக்கா இல்ல. இவளவிட ரெண்டு வயசு சின்னவ! இவ என் துணை. இத்தனை வருஷமா இவகூடக் குடும்பம் நடத்துறேன். ரூமை மாத்துறதுன்னா எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே மாத்துங்க!"

பிறகு டீ வந்தது.

அறைக்கு வந்ததும் கேட்டேன், "ஏன்டி, உன்ன வயசானவன்னு சொன்னதுக்கா எல்லாத்தையும் போட்டு உடைச்ச?"

"நீ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் மாஸ்டர்" என்றாள். அழுதோம், இரண்டு பேரும்.

ஏப்ரல் 3

டீ கேட்ட தாத்தா எங்கள் மேஜையிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் வரவே இல்லை. ரிவர்ஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், தின்னவில்லை.

ஏப்ரல் 6

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். நேராக ரிவர்ஸ் முன்னால் நின்றார்.

"உங்க வயசு என்ன?"

ரிவர்ஸ் முனகினாள். சத்தியமாக எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"அப்ப நான்தான் மூத்தவ! ரெண்டு மாசமா வேர்த்துக் கொட்டிக்கிட்டு அந்த ஓரத்துல உக்காந்திருக்கேன். எழுந்திரிங்க!"

எழுந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினார். "இங்க உக்காருங்க. இங்கயும் கொஞ்சம் காத்து வரும்."

ஏப்ரல் 13

மேனேஜர், "ரூல்ல கணவன் மனைவின்னுதானே இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். "ரூலைப் போட்டது யாரு சார்?" என்றாள் மறுபடி வந்திருந்த உரிமை அமைப்புப் பெண். அவர்தான் போட்டது. புதுசாக ஒட்டிவிட்டார்: துணையோடு வாழ்கிறவர்களுக்கு விலக்கு.

தாத்தா இன்னும் அந்த மேஜையில்தான். இருக்கட்டும்.

மே 5

காலையில் புது நர்ஸ் மாத்திரைத் தட்டோடு வந்தாள். என் பங்கைக் கொடுத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "உங்க வீட்டுக்காரம்மா எங்க?" என்று கேட்டாள்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"பாத்ரூம்ல. தலைக்கு டை அடிச்சுக்கிட்டிருக்கா" என்றேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "அதையெல்லாமா வெளிய சொல்லுவ!"